நடை திறக்கும் நேரத்துக்கு எதுக்கு இத்தனை குக்கி?

மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் சாயந்தரம் நடை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்? ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இதைப் போனில் தேட மாட்டார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் போதும். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும், ஆண்டாளைச் சேவித்துவிட்டு அப்படியே சிவனையும் பார்த்துவிடலாம் என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களும் தேடுவார்கள். நாலைந்து ஆன்மிகத் தளங்கள் வந்து நிற்கும். ஒன்றைத் தொட்டால், நேரம் கண்ணில் படும் முன்பே திரையின் கீழிருந்து ஒரு பெட்டி கிளம்பி வந்து பாதிப் பக்கத்தை மறைத்துக்கொள்ளும். பொடி எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ். அதற்குக் கீழே பளிச்சென்று ஒரு நீலப் பட்டன்: ‘அக்செப்ட் ஆல்’.

எங்கள் அத்தையிடம் இதைப் பற்றி ஒரு தடவை பேச்சு வந்தது.

“இது என்னப்பா, ஏதோ கேக்குது?”

“உங்க போன்ல குக்கி வச்சுக்கலாமான்னு கேக்குது அத்தை.”

“வச்சுட்டுப் போகட்டும். எனக்கு நேரம் தெரிஞ்சாப் போதும்.”

அத்தை சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நேரம் பார்க்க வந்தவரிடம் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டுவது யாருடைய புத்தி? ஆனால் அந்த நீலப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அமுக்குவது வேறு, தெரியாமல் அமுக்குவது வேறு. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் குக்கியின் மேல் உள்ள பழியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடுவோம். அது வைரஸ் இல்லை. ஓடுகிற மென்பொருளும் இல்லை. ஒரு துண்டு எழுத்து, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் சுமார் 4 கேபி அளவுக்குள் அடங்கிவிடும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, ஏறக்குறைய அதுதான். டோக்கனில் உங்கள் பேர் இருக்காது, செருப்பின் நிறம் இருக்காது, ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிய செருப்பு எங்கே இருக்கிறது என்பது உள்ளே அடுக்கி வைத்தவருக்குத்தான் தெரியும். வலைத்தளமும் அப்படித்தான். நீங்கள் முதல்முறை போகும்போது உங்கள் பிரவுசரிடம் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அடுத்து அதே தளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், நீங்கள் கேட்காமலேயே பிரவுசர் அந்த எண்ணை எடுத்துக் காட்டும். ‘ஓ, இவரா’ என்று தளம் தன் பதிவேட்டைப் புரட்டிக்கொள்ளும்.

இது இல்லாமல் முடியாதா என்றால், முடியாது. இணையப் பக்கங்களை அனுப்பும் முறைக்கே ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். ராஜபாளையத்தில் உட்கார்ந்து பொதிகை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்று வையுங்கள். லாகின் செய்கிறீர்கள், ரயிலைத் தேடுகிறீர்கள், பயணிகளின் பேரைப் போடுகிறீர்கள், பணம் கட்டுகிறீர்கள். குக்கி இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் ‘நீங்கள் யார்?’ என்று முதலிலிருந்து கேட்கும். நடுவில் காபி குடிக்கப் போய்விட்டு வந்தால் ‘செஷன் எக்ஸ்பயர்டு’ என்று வருகிறதே, அது உங்கள் எண்ணுக்குக் காலம் முடிந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு. தட்கல் நேரத்தில் அது வரும்போது நமக்கு வருகிற கோபம் தனிக்கதை.

இதைக் கண்டுபிடித்தவர் லூ மோன்டுலி என்ற அமெரிக்கர். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்தார். இணையத்தில் கடை போட நினைத்த ஒரு வாடிக்கையாளருக்காக, கூடையில் போட்ட பொருளைப் பக்கம் மாறினாலும் மறக்காமல் இருக்க என்ன வழி என்று யோசித்ததில் பிறந்தது. ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தரமாக ஒரே எண்ணைக் கொடுத்துவிடுவது அவருக்குச் சுலபமான வழியாக இருந்திருக்கும். அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஒரே ஆளைப் பின்தொடரலாம் என்று தெரிந்துதான் அவர் அதைத் தவிர்த்தார். ஒரு தளம் வைத்த குக்கியை அந்தத் தளம் மட்டுமே திரும்பப் படிக்கலாம் என்று விதி வைத்தார்.

விதி நல்ல விதிதான். ஆனால் அதில் ஒரு சந்து இருந்தது.

நீங்கள் திறந்த அந்தக் கோயில் பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்தும் கோபுரத்தின் படமும் அந்தத் தளத்தின் கணினியிலிருந்து வரும். நடுவில் இருக்கிற விளம்பரம் ஒரு விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்து வரும். ஓரத்தில் இருக்கிற ‘லைக்’ பட்டன் இன்னொரு இடத்திலிருந்து. இப்படி வந்து ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு ஒரு குக்கி வைக்கலாம். நீங்கள் அவர்கள் வாசலுக்குப் போகவே இல்லை, ஆனாலும் அவர்களுடைய எண் உங்கள் போனில் உட்கார்ந்திருக்கும். அடுத்து நீங்கள் ஒரு பால்கோவாக் கடையின் தளத்துக்குப் போகிறீர்கள், அதற்கடுத்து ஒரு மருத்துவமனையின் பக்கத்துக்குப் போகிறீர்கள். மூன்று இடத்திலும் அதே விளம்பர நிறுவனத்தின் துண்டு இருந்தால், மூன்று இடத்திலும் அதே எண் அவர்கள் கைக்குப் போகும். தளம் மாறினாலும் அவர்கள் மாறவில்லை அல்லவா? இதற்குத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்று பேர். 1990-களின் நடுவில் தொடங்கிய டபுள்கிளிக் என்ற நிறுவனம் இதைப் பெரிய வியாபாரமாக வளர்த்தது. கூகுள் அதை 310 கோடி டாலர் கொடுத்து வாங்க 2007-ல் ஒப்பந்தம் போட்டு, 2008-ல் கைக்குக் கொண்டுவந்தது.

‘நான் என்ன ரகசியமா தேடுறேன்? கோயில் நேரம்தானே’ என்று கேட்கலாம். எந்தக் கோயில் என்று யோசியுங்கள். மடவார் வளாகத்து ஸ்வாமியின் பேரே வைத்தியநாதர். திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைத் தீர்த்தவர் என்று தல வரலாறு சொல்கிறது. அங்கே வருகிறவர்களில் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி வருகிற ஒருவர், கோயில் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னாலோ பின்னாலோ அந்த நோயின் பேரையும் தேடியிருப்பார், மதுரையில் அதற்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்றும் தேடியிருப்பார். சாமியிடம் மனசுக்குள் சொன்ன விஷயம், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளம்பர நிறுவனத்தின் பதிவேட்டில் வரிசையாக ஏறியிருக்கும். பேர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அந்த எண் உங்கள் போனோடுதான் சுற்றுகிறது.

நம் வீடுகளில் இது இன்னும் ஒரு படி சிக்கல். ஒரே போன் மருமகள் கையிலும் இருக்கும், மாமியார் கையிலும் இருக்கும், ஹோம்வொர்க் என்ற பேரில் பிள்ளை கையிலும் இருக்கும். மருமகள் மத்தியானம் எதைத் தேடினாள் என்பதை ராத்திரி மாமனார் செய்தி படிக்கும்போது விளம்பரம் சொல்லிக்கொடுத்துவிடும். அந்தரங்கம் என்பது பெரிய ஊர்க்காரர்களின் கவலை என்று நினைக்கிறவர்கள், ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஒரு தெருவில் ஆறு மாதம் குடியிருந்து பார்க்கலாம்.

விதியில் இருந்த அந்தச் சந்து முதலிலேயே அடைபட்டிருக்க வேண்டியது. 1997 பிப்ரவரியில் வெளிவந்த முதல் குக்கி வரையறை ஆவணமே, மூன்றாம் தரப்புக் குக்கியைப் பிரவுசர்கள் தானாக ஏற்கக் கூடாது என்றுதான் சொன்னது. அந்த ஆவணத்தை எழுதிய இருவரில் மோன்டுலியும் ஒருவர். அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த இரண்டு பிரவுசர்களும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து, பயர்பாக்ஸ் 2019-ல் தெரிந்த பின்தொடரிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கியை முழுசாக நிறுத்தியது. கூகுள்? 2020 ஜனவரியில் ‘இரண்டு வருஷத்தில் குரோமிலிருந்து எடுத்துவிடுகிறோம்’ என்றது. தள்ளிப்போட்டது. மறுபடியும் தள்ளிப்போட்டது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிடுவதாகச் சொன்னது. 2025 ஏப்ரலில், பயனரிடம் தனியாகக் கேட்கும் புதுப் பெட்டியும் வராது என்று முடித்துவிட்டது. பிரவுசரை நடத்துகிறவரே விளம்பரமும் விற்றால் இப்படித்தான் நடக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போன், அதில் குரோம். ஆக, நீங்களாகப் போய் மூடாதவரை அந்தச் சந்து திறந்தேதான் இருக்கிறது.

சரி, அந்தப் பெட்டி ஏன் சில தளங்களில் வருகிறது, சிலதில் வருவதில்லை? பாரிஸில் லா சப்பல் பக்கம் இருக்கிற ஒரு தமிழர் ஒரு தளத்தைத் திறக்கிறார், ராஜபாளையத்தில் இருக்கிற அவருடைய தம்பியும் அதையே திறக்கிறார். அண்ணனுக்கு ‘எல்லாவற்றையும் மறு’ என்ற பட்டன் இருக்கும். தம்பிக்குப் பல சமயம் பெட்டியே வராது, வந்தாலும் ‘ஏற்கிறேன்’ மட்டும்தான். காரணம் சட்டம். ஐரோப்பாவில் குக்கிக்கு முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதி 2009 திருத்தத்தோடு வந்தது. 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் சட்டம் சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கியது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. ஏற்றுக்கொள்ள ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்ததற்காகப் பிரான்ஸின் தரவுக் காப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதை 2022 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு அந்த ‘மறு’ பட்டன் ஒழுங்காகக் கிடைத்தது. நமக்கு வருவது அந்தச் சட்டத்தின் மிச்சம் மீதி: பெட்டி உண்டு, உரிமை கிடையாது. அதனால் பெட்டியோடு மல்லுக்கட்டுவதில் நமக்குப் பெரிய லாபம் இல்லை. ‘ரிஜெக்ட்’ இருந்தால் அதை அமுக்குங்கள், தளம் அப்படியேதான் வேலை செய்யும். இல்லாவிட்டால் பிரவுசரில் போய்க் கை வையுங்கள்.

ஆண்ட்ராய்டு குரோமில், மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளி. அதில் ‘செட்டிங்ஸ்’, கொஞ்சம் கீழே ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’. அங்கே தடுக்கச் சொல்லும் தேர்வைத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். போனில் தமிழ் வைத்திருந்தால் இதே வரிசை தமிழில் இருக்கும். இதைச் செய்த பிறகும் லாகின் வேலை செய்யும், டிக்கெட் போடலாம், பணம் கட்டலாம். எங்காவது ஒரு தளம் முரண்டு பிடித்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். ஐபோனில் சஃபாரி வைத்திருப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அது ஏற்கனவே மூடித்தான் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ‘எல்லாக் குக்கிகளையும் தடு’ என்று சில பிரவுசர்களில் ஒரு தேர்வும் இருக்கும். ஆர்வக்கோளாறில் அதைத் தொட்டுவிடாதீர்கள். பெரும்பாலான தளங்களில் லாகின் செய்ய முடியாது.

அழிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான். மொத்தமாக அழித்தால் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லாதவர்கள் வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு லேட்டாகும். அதே ‘சைட் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘ஆல் சைட்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் வேண்டாத தளத்தை மட்டும் தேடி அழிக்கலாம். அந்தப் பட்டியலை ஒரு தடவை சும்மா உருட்டிப் பாருங்கள். வாழ்நாளில் போகாத இடத்துப் பேரெல்லாம் வரிசையாக இருக்கும்.

‘இன்காக்னிட்டோ’வில் திறந்தால் போதுமே என்பார்கள். பாதி உண்மை. மூடினவுடன் அந்தக் குக்கிகள் போய்விடும், குரோம் அதில் மூன்றாம் தரப்புக் குக்கியையும் தடுத்துவிடும். ஆனால் நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். இன்காக்னிட்டோவில் இருந்தவர்களின் விவரங்களையும் சேகரித்ததாக அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்கு நடந்து, 2024-ல் அந்தப் பதிவுகளை அழிக்க ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்று: இதெல்லாம் பிரவுசருக்குத்தான். ஷாப்பிங் ஆப்பில் நடப்பதற்குக் குக்கி தேவையே இல்லை, போனிலேயே விளம்பரத்துக்கென்று ஒரு அடையாள எண் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘ஆட்ஸ்’ என்று தேடினால் அந்த எண்ணை நீக்கும் வசதி வரும். நீக்கிவிடுங்கள்.

இன்காக்னிட்டோ நிஜமாகவே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: இ-சேவை மையமும் பிரவுசிங் சென்டரும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பட்டா நகல், கல்லூரி அட்மிஷன் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கணினிகளில் தங்கள் ஜிமெயிலைத் திறக்காத நாள் இல்லை. வேலை முடிந்ததும் மேலே இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஜன்னலைச் சாத்தினால் லாகின் போய்விடாது. உள்ளே நுழைந்ததற்கான குக்கி அந்தக் கணினியிலேயே கிடக்கும். அடுத்து உட்காருகிறவர் ஜிமெயில் என்று அடித்தால் உங்கள் பெட்டி திறக்கும், பாஸ்வேர்டு கேட்காது. லாக் அவுட் செய்ய வேண்டும், அல்லது ஆரம்பத்திலேயே இன்காக்னிட்டோவில் திறந்து முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். மறந்துவிட்டு வந்துவிட்டால், வீட்டுக்கு வந்து கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியலைத் திறந்து, அந்தக் கணினியை அங்கிருந்தே வெளியேற்றலாம்.

இந்த லாகின் குக்கியைத் திருடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் கவனிக்க. ‘உங்கள் சேனலில் விளம்பரம் செய்ய விரும்புகிறோம், விவரம் இணைப்பில்’ என்று மெயில் வரும். இணைப்பைத் திறந்தால் ஒரு மென்பொருள் உங்கள் பிரவுசரின் குக்கிகளை வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். யூடியூபர்களைக் குறிவைத்து இது நடப்பதைக் கூகுளே 2021-ல் எழுதியது. 2023 மார்ச்சில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள் கொண்ட லைனஸ் டெக் டிப்ஸ் சேனலே இப்படித்தான் பறிபோய், பிறகு மீண்டது. தொழில்நுட்பமே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி.

இனி நம் ஊர் வியாபாரிகளுக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூரியரில் அனுப்புகிற கடைகளுக்குத் தளம் வந்துவிட்டது. ராஜபாளையத்தில் நைட்டி, பேண்டேஜ் துணி, நாய்க்குட்டி என்று எல்லாவற்றுக்கும் பக்கம் இருக்கிறது. தளம் செய்து கொடுக்கிற தம்பி, எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்குப் பார்க்க கூகுளின் ஒரு துண்டு நிரலையும், ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஓட்ட அவர்களுடைய ‘பிக்சல்’ நிரலையும் சேர்த்துவிடுவார். கடைக்காரருக்கு அது இருப்பதே தெரியாது. கூகுள் அனலிட்டிக்ஸ் வைக்கிற முக்கியக் குக்கி இரண்டு வருஷம் இருக்கக் கேட்கும். குரோம் 2022 முதல் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் ஒரேயடியாக வைக்க விடுவதில்லை என்பதால் அங்கே சுருங்கும். இன்னொரு விசேஷம், இந்த இரண்டு நிரல்களும் கடையின் சொந்தப் பேரிலேயே குக்கி வைக்கின்றன. மூன்றாம் தரப்பைத் தடுத்தாலும் இவை தங்கிவிடும். கணினியில் உங்கள் கடைப் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, ‘அப்ளிகேஷன்’ என்ற பகுதியில் ‘குக்கீஸ்’ என்று பாருங்கள். அத்தனையும் வரிசையாக இருக்கும். கால் கிலோ பால்கோவா விற்க அத்தனையும் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

முடிவு செய்யும் நேரமும் வந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்புச் சொன்னார்கள். அதன் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. சம்மதம் பற்றிய முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம் அமலுக்கு வரும். சட்டத்தில் குக்கி என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலும் அதற்குள் வரும், எண்ணாக இருந்தாலும் சரி. சம்மதம் நிபந்தனை இல்லாமல், தெளிவான செயலால் கொடுக்கப்பட வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். சில வகை நிறுவனங்களுக்கு விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதியைத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் உண்டு. அத்தைக்கு இனிமேல் நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அப்படித்தான் சட்டம் சொல்கிறது.

சட்டம் சொன்னால் மட்டும் தானாக நடந்துவிடாது. தமிழில் கேட்கிற ஆள் இருந்தால்தான் தமிழில் எழுதி வைப்பார்கள். அதனால் தளம் வைத்திருக்கிற நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2027 மே வரை காத்திருக்காமல், தளம் செய்து கொடுத்தவரை இந்த வாரமே கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: நம்ம பக்கத்தில் யார் யார் குக்கி வைக்கிறார்கள், அதில் எதை எடுத்தால் வியாபாரம் நிற்காது, அந்தப் பெட்டியில் ‘வேண்டாம்’ என்ற பட்டனோடு தமிழில் நாலு வரி எப்போது போடுவீர்கள்?